ஒரே வாசலில் நான்கு முறை: ஆவணப் புகைப்படம் என்றால் என்ன?

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மீன் சந்தைக்கோ செங்கல் சூளைக்கோ கிளம்பிப் போகிறார்கள். சுருக்கம் விழுந்த ஒரு முகம், தலையில் கூடையோடு ஒரு பெண், புகைக்கு நடுவே ஒரு சிறுவன். வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளையாக மாற்றி, 'டாக்குமென்டரி' என்று பெயர் போட்டுப் பகிர்கிறார்கள். படம் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பெண் யார், அவர் இந்தப் படத்தைப் பார்த்தாரா, அடுத்த வருடமும் அங்கேதான் கூடை சுமப்பாரா என்று கேட்டால், எடுத்தவரிடம் பதில் இருக்காது.

இந்தச் சொல்லை நாம் தாராளமாகப் புழங்கியதில் இரண்டு தவறான எண்ணங்கள் ஊன்றிவிட்டன. ஏழை எளியவர்களைப் படமெடுத்தாலே அது ஆவணப் புகைப்படம் என்பது ஒன்று. ஆளுக்குத் தெரியாமல் எடுப்பதே உண்மை, நிற்கவைத்து எடுத்தால் பொய் என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை. ஏன் என்று சொல்வதற்கு ஒருவருடைய வாழ்க்கையைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் மில்டன் ரோகோவின். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய பஃபலோ நகரத்தில், கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்துப் பிழைத்தவர். ஆலைத் தொழிலாளர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் ஏழைத் தெருக்களில் வாழ்ந்தவர்களையும் நாற்பது வருடங்களுக்கு மேல் படமெடுத்தவர். ஆவணப் புகைப்படம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இவரைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கதவு நிலையையோ சுவரையோ பாருங்கள். பிள்ளையை நிமிர்ந்து நிற்கவைத்து, தலைக்கு மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டிருப்பார்கள். பக்கத்தில் தேதி. ஒரு கோடு மட்டும் இருந்தால் அது வெறும் கோடு. அடுத்த பிறந்தநாளுக்கு அதே நிலையில், அதே பிள்ளைக்கு இன்னொரு கோடு போட்ட பிறகு அந்த மரச்சட்டம் பேச ஆரம்பிக்கிறது. நான்கைந்து கோடுகள் சேர்ந்துவிட்டால் அந்த வீட்டைக் காலி செய்யும்போது நிலையை விட்டுப்போக மனசு வராது.

கோடு போடுவதற்குப் பெரிய திறமை வேண்டாம். அதை ஆவணம் ஆக்குவது மூன்று விஷயம்: ஆள் யார் என்று தெரியும், எப்போது என்று எழுதியிருக்கிறது, அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறோம். பிள்ளையும் நிமிர்ந்து நின்று ஒத்துழைத்தது என்பதை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆவணப் புகைப்படம் என்பதற்கு என் எளிய விளக்கம் இதுதான்: உண்மையாக நடந்துகொண்டிருக்கும் ஒரு வாழ்க்கையை, யார், எங்கே, எப்போது என்ற தொடர்பு அறுந்துபோகாமல், பின்னால் பார்ப்பவர்களுக்குச் சான்றாக நிற்கும்படி பதிவு செய்வது. பத்திரிகைப் படம் அன்றைய செய்திக்காக எடுப்பது. ஆவணப் படத்துக்கு அப்படி அவசரம் கிடையாது. அதன் பயன் பல நேரம் பத்து இருபது வருடம் கழித்துத்தான் தெரியும்.

கண்ணாடி கொடுத்தவர்

ரோகோவின் 1909-ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில் நியூயார்க் நகரில் பிறந்தார். லிதுவேனியாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கண் பரிசோதனைப் படிப்பு முடித்து 1931-இல் வெளியே வந்தபோது, அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் இருந்தது. வேலையில்லாதவர்களின் வரிசைகளைப் பார்த்து அரசியலுக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். 1938-இல் பஃபலோவுக்குக் குடிபெயர்ந்து, அடுத்த வருடம் சிப்பேவா தெருவில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்தார். கடைக்கு வந்தவர்களில் பலர் தொழிலாளர்கள். 1942-இல் ஆன் என்ற ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். முதல் கேமரா வாங்கியதும் அதே வருடம்தான். ஆனால் அப்போது அது ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

திருப்பம் 1957-இல் வந்தது. கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கென்றே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு குழு இருந்தது. அது பஃபலோவுக்கு வந்து ரோகோவினையும் அழைத்தது. அவர் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார். உள்ளூர்ப் பத்திரிகை அவரை நகரத்தின் முக்கியமான 'சிவப்பு' ஆள் என்று தலைப்பில் போட்டது. கடைக்கு வருபவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அக்கம்பக்கத்தார் முகம் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுச் செலவை ஆனின் ஆசிரியர் சம்பளம் தாங்கியது.

வாயைத் திறந்து பேச முடியாத நிலை வந்தபோது, சொல்ல வேண்டியதைப் படங்களால் சொல்வது என்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் கூட்டம் இல்லாததால் கையில் நேரமும் இருந்தது.

அடுத்த வருடம், வில்லியம் டால்மேஜ் என்ற இசைப் பேராசிரியர் பஃபலோவின் கறுப்பின மக்கள் நடத்திய சிறு தேவாலயங்களில் பாடல்களை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். காலியான கடை அறைகளை வாடகைக்குப் பிடித்து நடத்தப்பட்டவை என்பதால் அவற்றுக்குக் கடைமுகப்புத் தேவாலயங்கள் என்று பெயர். நீங்களும் வந்து படமெடுங்களேன் என்று பேராசிரியர் கூப்பிட்டார். ஒலிப்பதிவு வேலை முடிந்துபோன பிறகும் ரோகோவின் அங்கே போவதை நிறுத்தவில்லை. சுமார் மூன்று வருடம் அந்தச் சபைகளிலேயே இருந்தார். 1962-இல் 'அப்பெர்ச்சர்' என்ற முக்கியமான புகைப்பட இதழ் அந்தப் படங்களை வெளியிட்டது. கறுப்பின மக்களின் பெரும் சிந்தனையாளரான டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் அதற்கு முன்னுரை எழுதினார்.

இதுவரை உள்ளதைச் சுருக்கிச் சொன்னால்: தேதியும் ஆளும் தெரிந்து, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் எடுப்பதால் படம் ஆவணமாகிறது. ரோகோவின் இதைப் பள்ளியில் கற்கவில்லை. மூன்று வருடம் ஒரே சபைகளில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

தலை குனிந்து பார்க்கும் கேமரா

இப்போது கருவிக்கு வருவோம். நுட்பம் கொஞ்சம்தான், ஆனால் இது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

ரோகோவின் பயன்படுத்தியது ரோலைஃப்ளெக்ஸ் என்ற ஜெர்மன் கேமரா. முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள் இருக்கும். இந்த வகையை இரட்டை லென்ஸ் கேமரா என்பார்கள். நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோக்களில் யாஷிகா என்ற பெயரில் இதே வகைக் கேமராவைப் பார்த்திருப்பீர்கள். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. கேமராவை வயிற்றருகே பிடித்து, மூடியைத் திறந்து, மேலிருந்து குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு மங்கலான கண்ணாடியில் எதிரே இருப்பவர் தெரிவார், இடம் வலம் மாறி. ஒரு ஃபிலிம் சுருளில் 12 சதுரப் படங்கள். அவ்வளவுதான் கிடைக்கும். எனவே சரமாரியாகச் சுட்டுத்தள்ள முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் குனிவு. இன்றைய கேமராவைக் கண்ணில் வைத்தால், எதிரே இருப்பவருக்கு நம் முகம் மறைந்து ஒரு கறுப்புக் குழாய் மட்டும் தெரிகிறது. துப்பாக்கி போல என்று சிலர் சொல்வதுண்டு. இரட்டை லென்ஸ் கேமராவில் படமெடுப்பவர் தலை தாழ்த்தி நிற்கிறார். முகம் மறையவில்லை. நிமிர்ந்து பேசலாம், சிரிக்கலாம், மறுபடி குனியலாம். கேமராவும் இடுப்பு உயரத்தில் இருப்பதால், எதிரே நிற்பவர் படத்தில் சிறுத்துத் தெரிய மாட்டார், கொஞ்சம் நிமிர்ந்தே தெரிவார். கருவியின் அமைப்பிலேயே ஒரு மரியாதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் வெளிச்சம். ஏழை வீடுகளின் அறைகள் சின்னவை, இருட்டானவை. ஃபிளாஷ் விளக்கின் பின்னால் இருக்கும் தட்டைக் கழற்றிவிட்டால் ஒளி ஒரே திசையில் பாயாமல் நாலாபக்கமும் பரவி, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வரும். இதற்கு வெறும் பல்பு ஃபிளாஷ் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ரோகோவின் கையாண்டது இந்த முறைதான். பலன் என்ன? முகத்தில் மட்டும் வெளிச்சம் அடித்துப் பின்னால் இருட்டாகும் படமாக இல்லாமல், அறை முழுவதும் தெரியும். சுவரில் மாட்டிய குடும்பப் படங்கள், சாமி படம், தொலைக்காட்சிப் பெட்டி மேல் விரித்த துணி, சுவரில் ஒட்டிக் கிழிந்துபோன பூக்காகிதம், எல்லாம். ஆளோடு சேர்த்து அவர் சேர்த்துவைத்த வாழ்க்கையும் ஆவணத்துக்குள் வந்துவிடுகிறது.

இந்த ஃபிளாஷ் விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1880-களின் கடைசியில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் நியூயார்க்கின் சேரிக் குடியிருப்புகளை மெக்னீசியப் பொடி ஃபிளாஷ் வைத்துப் படமெடுத்தார். நடு இரவில், சில நேரம் போலீஸ்காரர்களோடு, தூங்குகிறவர்களின் அறைக்குள் நுழைந்து பொடியைக் கொளுத்துவார். கண் கூச எழுந்த முகங்கள் அந்தப் படங்களில் அப்படியே இருக்கின்றன. ஒரு தடவை அறையே தீப்பிடித்ததும் உண்டு. அவருடைய வேலையால் குடியிருப்புச் சட்டங்கள் திருந்தின, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த அறையில் யாரும் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. அதே ஏழ்மை, அதே ஃபிளாஷ், எழுபது வருடம் கழித்து ரோகோவின் கையில் வேறு மாதிரி ஆனதற்குக் காரணம், கதவைத் தட்டி, திறந்த பிறகு உள்ளே போனதுதான்.

நின்று எடுத்தால் பொய்யா?

என் தாத்தா கைத்தறி நெசவாளர். அவருடைய படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கிறது. தறிக்குழியில் உட்கார்ந்து எடுத்தது அல்ல. ஸ்டுடியோவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, இடது மணிக்கட்டில் ஒரு கடிகாரம். கடிகாரம் கூடப் பிறந்தவருடையது என்று பாட்டி சொல்வார். அது தெரியவேண்டும் என்று சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டிருக்கிறார். இந்தப் படம் பொய்யா? வாழ்நாள் முழுக்கத் தறியில் குனிந்திருந்த ஒரு மனிதர், தான் எப்படி நினைவில் இருக்க வேண்டும் என்று விரும்பினார் என்பதற்கு எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே சான்று அது. அந்தச் சட்டை மடிப்பை வேறு எந்த ஆவணத்திலும் நான் பார்க்க முடியாது.

ரோகோவின் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். எங்கே நிற்பது, யாரோடு நிற்பது, என்ன உடுத்துவது என்பதைப் படத்தில் இருப்பவரே முடிவு செய்வார். கேமராவைப் பாருங்கள் என்பதைத் தவிர அவர் பெரிதாக எதுவும் கேட்கமாட்டார். ஒருவர் நாயைத் தூக்கிக்கொள்வார், ஒருவர் மனைவியின் தோளில் கை போடுவார், ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு முறைப்பார். நாம் பார்க்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களும் நம்மைப் பார்க்கிறார்கள்.

ஆளுக்குத் தெரியாமல் எடுத்த படத்தில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. அதில் கிடைப்பது நம் கண்ணுக்கு அவர் எப்படித் தெரிந்தார் என்ற உண்மை. நின்று கொடுத்த படத்தில் அவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்ற உண்மை கிடைக்கிறது. முதல் வகை மட்டுமே உண்மை என்று நாம் முடிவுகட்டியதால், ஏழைகளுக்கு இரண்டாவது வகைப் படம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. வசதியானவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அவர்கள் காசு கொடுத்துத் தங்களுக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொள்வார்கள். பணக்காரர்களுக்கென்று படக்காரர்கள் இருக்கிறார்கள், நான் மறக்கப்பட்டவர்களை எடுக்கிறேன் என்று ரோகோவின் சொன்னது இந்தப் பொருளில்தான்.

எடுத்துவிட்டுத் திரும்பாத படம் என்ன ஆகும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1936-இல் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர் முகாமில் டொரோத்தியா லாங்கே எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படம். தோளில் சாய்ந்த இரண்டு குழந்தைகள், கன்னத்தில் கை வைத்த அம்மா. அரசாங்க வேலைக்காக, நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் 1978-இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு வந்ததில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். 42 வருடம் உலகம் முழுக்கச் சுற்றிய முகத்துக்குச் சொந்தக்காரர் சொன்னது இது.

சரி, இந்த இடத்தில் இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்வது நல்லது. படக்குறிப்பு என்பது படத்தின் கீழே எழுதும் விவரம். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் ஆவணத்தின் பாதி உயிர் அதில்தான். ரோகோவின் மதித்த முன்னோடி லூயிஸ் ஹைன். அவர் 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் வேலைபார்த்த குழந்தைகளைப் படமெடுத்தார். குழந்தையின் உயரத்தைத் தன் சட்டைப் பித்தான் எதற்கு நேராக வருகிறது என்று மனதில் குறித்துக்கொண்டு, பிறகு கணக்குப் போட்டு எழுதுவார். வயது, வேலை, எத்தனை நாளாக என்பதையெல்லாம் கோட்டுப் பைக்குள் மறைத்த காகிதத்தில் கிறுக்கிக்கொள்வார். முதலாளி அது பொய் என்று சொல்ல முடியாதபடி படமும் குறிப்பும் ஒன்றையொன்று தாங்கின. கதவு நிலைப் பென்சில் கோடு இங்கே பித்தானாக வந்திருக்கிறது.

ஆறு தெருக்கட்டு

இனி அவருடைய முக்கியமான வேலைக்கு வருவோம். பஃபலோவின் லோயர் வெஸ்ட் சைடு என்ற பகுதி அவருடைய கடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள், கறுப்பின மக்கள், இத்தாலியர்கள், பூர்வகுடிகள் என்று கலந்து வாழ்ந்த ஏழைப் பகுதி. குடி, போதை, விபச்சாரம் என்று நகரத்தின் மற்றவர்கள் பேசிய இடம். 1972-இல் ஆறு தெருக்கட்டுகள் (நாலு பக்கமும் தெரு சூழ்ந்த வீட்டுத் தொகுதியே தெருக்கட்டு) கொண்ட ஒரு சின்னப் பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ரோகோவின் வேலையைத் தொடங்கினார். அறுபது வயது தாண்டியவர், கழுத்தில் கேமரா, பக்கத்தில் மனைவி.

முதலில் யாரும் நம்பவில்லை. போலீஸ் ஆளா, உளவாளியா, உதவித்தொகையை வெட்ட வந்த அதிகாரியா என்று சந்தேகம். அதை உடைத்தது ஒரு சாதாரணப் பழக்கம். எடுத்த படத்தை வீட்டு இருட்டறையில் கழுவி, பிரிண்ட் போட்டு, அடுத்த முறை வரும்போது அவர்கள் கையிலேயே கொடுப்பார். காசு வாங்குவதில்லை. ஒருவர் கையில் கொடுத்த படத்தைப் பார்த்து, என்னையும் எடுங்கள் என்று பக்கத்து வீட்டார் கேட்பார். கொஞ்ச நாளில் தெருவுக்கே தெரிந்தவர் ஆகிவிட்டார்.

இந்த இடத்தில் அவர் மனைவி ஆன் பற்றிச் சொல்லாமல் போனால் அது பெரிய தவறு. வாசலில் நின்று பேச்சுக் கொடுப்பது, குழந்தைகளின் பெயர் விசாரிப்பது, எந்த வேலையை அடுத்து எடுப்பது என்று யோசிப்பது என்று எல்லாவற்றிலும் அவர் இருந்தார். புத்தக அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கும். கதவைத் திறக்கவைத்தது பல நேரம் இன்னொரு பெயர்.

முதல் சுற்றைத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் போயிற்று. 1984-இல் ரோகோவின் தம்பதி பழைய படங்களை எடுத்துக்கொண்டு அதே தெருக்களுக்குப் போனார்கள். இவரைத் தெரியுமா, இப்போது எங்கே இருக்கிறார் என்று படத்தைக் காட்டி விசாரித்து, முன்பு எடுத்தவர்களைத் தேடிப் பிடித்து மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் 1992 முதல் 1994 வரை. உடல்நலம் கெட்டுத் தேறி எழுந்த பிறகு எடுத்தது அது. அதே ஆட்களை, முடிந்தால் அதே இடத்தில், காலம் கழித்து மறுபடி எடுப்பதை மீள்படமெடுத்தல் என்று சொல்லலாம். மூன்று படங்களையும் அருகருகே வைத்தால் அது முப்படம்.

இந்த வரிசைகளைப் பார்க்கும் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் படத்தில் அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை மூன்றாவது படத்தில் தன் குழந்தையோடு நிற்கும். இளம் ஜோடியாக நின்றவர்களில் ஒருவர் மட்டும் அடுத்த படத்தில் இருப்பார். மெலிந்து வாடியிருந்தவர் இருபது வருடம் கழித்துத் தெளிந்த முகத்தோடு இருப்பார், நேர்மாறாகவும் நடக்கும். கண் தானாகவே முதல் படத்துக்கும் மூன்றாவதுக்கும் ஓடும். புருவம், தாடை, நிற்கும் விதம் என்று ஒப்பிடும். நம் வீட்டு ஆல்பத்தைப் புரட்டும்போது செய்வோமே, அதே வேலை. முன்பின் தெரியாத, 'அந்த ஏரியா ஆட்கள்' என்று நகரம் ஒதுக்கிய குடும்பத்தை, நம் குடும்பத்தைப் பார்க்கும் விதமாகப் பார்க்க ஆரம்பிக்கிறோம். ஒற்றைப் படத்தால் இதைச் செய்ய முடியாது. ஒற்றைப் படத்தில் அவர் ஒரு வகை மாதிரியாகவே நின்றுவிடுவார்: ஏழை, குடிகாரர், குடியேறி. இரண்டாவது படம் வந்ததும் அந்தப் பெயர்ப்பலகை கழன்று விழுகிறது.

சுருக்கமாக: நம்பிக்கை முதலில், அதைக் கொண்டுவந்தது கையில் கொடுத்த பிரிண்ட். பிறகு காலம். நீங்கள் இப்படி ஒரு வேலையைத் தொடங்க நினைத்தால், புது லென்ஸுக்குச் செலவழிக்கும் முன் பிரிண்ட் போடச் செலவழியுங்கள். போன வாரம் எடுத்த படத்தை இந்த வாரம் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பேச்சே மாறிவிடும்.

உலைக்களமும் வரவேற்பறையும்

பஃபலோ ஒரு காலத்தில் இரும்பு நகரம். பக்கத்து ஊரான லாக்கவானாவில் இருந்த பெத்லஹேம் எஃகு ஆலையில் மட்டும் உச்ச காலத்தில் சுமார் 20,000 பேர் வேலை பார்த்தார்கள். 1976 முதல் இரண்டு மூன்று வருடம் ரோகோவின் இந்தப் பகுதியின் எஃகு ஆலைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும் படமெடுத்தார்.

அவருடைய முறை எளிது. முதலில் வேலையிடத்தில் ஒரு படம். பிறகு, உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்பார். வீட்டில் இன்னொரு படம். முதல் படத்தில் தலைக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, கரி படிந்த உடுப்பு, பின்னால் ராட்சத இயந்திரம். ஆணா பெண்ணா என்றுகூடச் சில நேரம் சட்டென்று தெரியாது. அடுத்த படத்தில் அதே ஆள் துவைத்த உடையில் சோபாவில், பக்கத்தில் பிள்ளைகள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு தொழிலாளி என்று நாம் சொல்லும் சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று தெரிகிறது. இப்படி ஒரே எண்ணத்தின் கீழ், ஒன்றோடொன்று பேசும்படி கோத்த படங்களைத் தொடர் என்கிறோம். ஆவணப் புகைப்படக்காரர் தனிப்படங்களில் யோசிப்பதில்லை, தொடர்களில்தான் யோசிக்கிறார்.

1982 டிசம்பர் இறுதியில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, லாக்கவானா ஆலையின் பெரும்பகுதி மூடப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. 1983-இல் எஃகு உருக்குவது நின்றது. 7,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். ரோகோவின் முன்பு எடுத்த தொழிலாளர்களைத் தேடி 1987-இல் மறுபடி போனார். இந்த முறை வேலையிடத்துப் படம் எடுக்க முடியவில்லை. வேலையிடம் இல்லை. வீட்டுப் படம் மட்டும்தான்.

ஆனால் இங்கே படத்தின் எல்லையும் தெரிந்துவிடுகிறது. வேலை போனபிறகு அவர் எப்படிச் சமாளித்தார், ஆலைமீது கோபமா, விட்டது நிம்மதியா என்றெல்லாம் முகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நாமாக ஒரு கதை கட்டிக்கொள்வோம், அது தப்பாகவும் இருக்கும். இதற்காகத்தான் வாய்மொழி வரலாறு: அனுபவித்தவரையே பேசவிட்டு, பதிவு செய்து, அவர் சொற்களிலேயே வெளியிடுவது. மைக்கேல் ஃப்ரிஷ் என்ற வரலாற்றுப் பேராசிரியர் அதே தொழிலாளர்களிடம் நீண்ட பேட்டிகள் எடுத்தார். படங்களும் பேட்டிகளும் சேர்ந்து 'எஃகில் உருவப்படங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1993-இல் புத்தகமாக வந்தன. பேச்சு இல்லாமல் படம் ஊமை. படம் இல்லாமல் பேச்சுக்கு முகம் இல்லை.

பஃபலோவுக்கு வெளியே எடுத்தவர்களைப் பற்றியும், முக்கியமாகச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1962-இல் தொடங்கிப் பல கோடை விடுமுறைகளில் ஆனும் அவரும் அமெரிக்காவின் கிழக்கில் உள்ள அப்பலாச்சிய மலைப்பகுதியின் நிலக்கரிக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். 1967-இல் கவிஞர் பாப்லோ நெரூதாவுக்குக் கடிதம் எழுதித் தொடர்புகொண்டு சிலி நாட்டுக்குப் போய், அவர் சொன்ன சிலோயே தீவில் எடுத்தார். 1980-களில் ஸ்காட்லாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், சீனா, கியூபா, மெக்சிகோ, ஜிம்பாப்வே என்று நாடுநாடாகச் சுரங்கத் தொழிலாளர்களை எடுத்தார். சுரங்கத் தொழிலாளர்களிடமும் அதே முறைதான்: சுரங்கத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று.

நான்காவது கோடு

1999-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ரோகோவினின் நெகட்டிவ்களையும் தொடர்புத் தாள்களையும் பெற்றுக்கொண்டது. தொடர்புத் தாள் என்பது ஒரு சுருளில் உள்ள எல்லாப் படங்களையும் பெரிதாக்காமல் ஒரே காகிதத்தில் அச்சிட்டுப் பார்ப்பது. எதை எடுத்தார், எதை விட்டார் என்பது அதில்தான் தெரியும். 1957-இல் அரசுக் குழு சந்தேகத்தோடு கூப்பிட்டு விசாரித்த மனிதரின் வேலை, அதே நாட்டின் ஆவணக் களஞ்சியத்துக்குள் போனது.

பெரும்பாலானவர்கள் அதோடு ஓய்ந்திருப்பார்கள். 2000-இல், தொண்ணூறு வயதில், ரோகோவின் மறுபடியும் லோயர் வெஸ்ட் சைடுக்குப் போனார். ஆனும் கூடப் போனார். 2002 வரை நான்காவது சுற்று நடந்தது. மூன்று படங்களாக இருந்த சில வரிசைகள் நான்காயின. அடுத்த வருடம் ஆன் இறந்துபோனார். ரோகோவின் 2011 ஜனவரியில் தன் 101-ஆம் வயதில் பஃபலோவில் மறைந்தார்.

முதலில் எடுத்த எல்லோரையும் அந்த நான்காவது சுற்றில் கண்டுபிடிக்க முடியவில்லை. சிலர் ஊர் மாறியிருந்தார்கள். சிலர் இறந்திருந்தார்கள். அவர்களுடைய வரிசைகள் மூன்று படங்களோடும், சில இரண்டோடும் நிற்கின்றன.